டிவிக்குப் பின்னால் இருக்கும் ஒயர்கள்: படம் முழுசாக வர எதை எங்கே மாட்டுவது

புது 55 இன்ச் 4கே டிவி சுவரில் ஏறிவிட்டது. கீழே எச்டி செட்டாப் பாக்ஸ். மாதா மாதம் எச்டி சேனலுக்குத் தனியாகப் பணம் கட்டுகிறார்கள். ஆனால் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் வைத்த பழைய ஏவி ஒயர். ஏற்கெனவே இருந்த ஒயர், மாட்டினால் படம் வருகிறது, அதனால் யாரும் அதைத் தொடவில்லை. தமிழ்நாட்டு ஹால்களில் இன்றும் சாதாரணமாகப் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது.

அந்த மஞ்சள் பின் வழியாகப் போகக்கூடியது 576 வரிப் படம் மட்டுமே. பாக்ஸ் தனக்கு வந்த 1080 வரிப் படத்தை 576 ஆகச் சுருக்கி, வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும். டிவி அந்தக் கலவையைத் திரும்பப் பிரித்து 2160 வரிக்கு இழுக்கும். நியூஸ் சேனலில் கீழே ஓடும் எழுத்தின் ஓரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிவப்புப் பட்டையும் வெள்ளை எழுத்தும் சேரும் இடத்தில் புள்ளிகள் புழு மாதிரி நெளியும். அது தெரிந்தால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம், முதலில் எச்டிஎம்ஐக்கு மாறுங்கள். இந்தப் பதிவில் சொல்லப்போகும் எல்லாவற்றையும்விட அதிக வித்தியாசம் தரும் வேலை இதுதான், அதற்கு ஆகும் செலவு ஒரு சாதாரண கேபிள்.

பழைய டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது என்றால், அதில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வீடியோ பின் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்தலாம். இதில் சிவப்பு இரண்டு வரும்: ஒன்று படத்துக்கு, ஒன்று வலது பக்க ஒலிக்கு. இரண்டையும் மாற்றிக் குத்தினால் நிறம் கெடும், ஸ்பீக்கரில் இரைச்சலும் வரும். நீலமும் சிவப்பும் இடம் மாறினால் முகங்கள் நீலமாகும். பல டிவிகளில் பச்சை ஓட்டையும் மஞ்சள் ஓட்டையும் ஒன்றேதான். மஞ்சள் ஒயரை அதில் குத்திவிட்டு, இன்புட் மெனுவில் காம்பொனென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். டிவி கெட்டுப்போகவில்லை, மெனுவில் ஏவி என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

இனி எச்டிஎம்ஐ.

முதலில் டிவி மெனு, அப்புறம் கேபிள்

கேபிளை மாட்டியதும் பாக்ஸ் செய்யும் முதல் வேலை படம் அனுப்புவது இல்லை. எச்டிஎம்ஐயின் 19 பின்களில் 15, 16 ஆகிய இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாக டிவியிடமிருந்து ஒரு பட்டியலை வாங்கிப் படிக்கும். எத்தனை வரி, நொடிக்கு எத்தனை ஃபிரேம், எத்தனை பிட் நிறம், எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் விரிந்த அளவில் வரும் படம்) உண்டா, அதிலேயே ஒரு வகையான டால்பி விஷன் உண்டா என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். இதற்குப் பெயர் இடிஐடி. பட்டியலில் இல்லாததைப் பாக்ஸ் அனுப்பாது. ஆகவே படத்தின் தரம் அந்தச் சில விநாடிப் பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பழைய சாதனங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக, பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டுகளைக் கம்பெனியிலேயே குறைந்த வேகத்தில் வைத்து அனுப்புகிறார்கள். முழுப் பட்டியலையும் காட்ட வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய் நாம்தான் திறக்க வேண்டும். சாம்சங்கில் இது ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, பழைய மாடல்களில் ‘எச்டிஎம்ஐ யுஎச்டி கலர்’. எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’. சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்று இருக்கும், அதை ‘என்ஹான்ஸ்டு’ ஆக்க வேண்டும். வேறு பிராண்டுகளில் 1.4, 2.0, 2.1 என்று எண்ணாகவே தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றாம் போர்ட்டில் மாற்றிவிட்டுப் பிளேயரை மூன்றாவதில் குத்தினால் பயன் இல்லை. புது மாடல்கள் சில, சாதனத்தைப் பார்த்துத் தானாகவே திறந்துகொள்ளும். அப்படியே இருந்தாலும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.

இந்த ஸ்விட்ச் மூடியிருந்தால் படம் வராமல் போகாது. அழகாக 4கே படம் வரும், எச்டிஆர் மட்டும் வராது. பார்ப்பவருக்குக் குறை தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். வருடக்கணக்கில் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்து டிவியின் பின்புறம் போர்ட்டுக்குப் பக்கத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். நான்கு போர்ட் இருந்தால் நான்கும் ஒன்று இல்லை. ஏதாவது ஒன்றில் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று போட்டிருக்கும், டிவியின் ஒலி அதே எச்டிஎம்ஐ கேபிளில் வெளியே திரும்பிப் போகும் வழி அது. சவுண்ட்பாரோ, ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவரோ அதில்தான் சேர வேண்டும். நடுத்தர விலை டிவிகள் பலவற்றில் 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 முறை) வாங்கும் போர்ட்டுகள் இரண்டே இரண்டு, அந்த இரண்டில் ஒன்றுதான் இ-ஆர்க் போர்ட்டும். சவுண்ட்பாரை அதில் மாட்டிவிட்டால் கேம் கன்சோலுக்கு மிச்சம் ஒரு போர்ட்தான். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் வைத்திருப்பவர்கள் டிவி வாங்கும் முன்பே இதைக் கணக்குப் போட வேண்டும்.

எந்த கேபிள், எவ்வளவு நீளம்

கடையில் ‘2.1 கேபிள்’ என்று கேட்கிறோம், அவர்களும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறார்கள். 1.4, 2.0, 2.1 எல்லாம் சாதனங்களுக்கான எண்கள். கேபிளுக்கு இருப்பது வேகத் தரம்: ‘ஹை ஸ்பீட்’ என்றால் நொடிக்கு 10.2 கிகாபிட், ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ 18 கிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ 48 கிகாபிட். கடைசி இரண்டு தரத்துக்கும் பெட்டியின் மேல் ஸ்கேன் செய்யக்கூடிய சான்றிதழ் ஸ்டிக்கர் இருக்கும். அதற்கென்று உள்ள ஆப்பில் ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். கேபிளின் மேல் ‘8கே’ என்று அச்சடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.

நமக்கு எவ்வளவு வேண்டும்? செட்டாப் பாக்ஸின் 1080 வரிப் படம் 60 ஹெர்ட்ஸில் போனாலும் 4.5 கிகாபிட்டைத் தாண்டாது. அதற்கு வீட்டில் கிடக்கும் எந்த எச்டிஎம்ஐ கேபிளும் போதும். 24 ஃபிரேமில் வரும் 4கே எச்டிஆர் சினிமாவுக்குச் சுமார் 11 கிகாபிட். 4கே, 60 ஹெர்ட்ஸ், 8 பிட், நிறத்தைக் குறைக்காமல் அனுப்பினால் 17.82 கிகாபிட், அதாவது 18-இன் விளிம்பு. அதே படத்தை 10 பிட்டில் குறைக்காமல் அனுப்ப 22 கிகாபிட்டுக்கு மேல் வேண்டும், 18-க்குள் அடங்காது. அதனால்தான் 60 ஹெர்ட்ஸ் எச்டிஆர் வரும்போது பாக்ஸ்கள் 4:2:2 அல்லது 4:2:0 என்று நிற விவரத்தைக் குறைத்து அனுப்புகின்றன. டிவியின் தகவல் திரையில் 4:2:0 என்று பார்த்துப் பதற வேண்டாம். ஓடிடியில் வருவதும் டிஸ்க்கில் இருப்பதும் 4:2:0தான், சினிமா பார்ப்பதில் எதுவும் குறையாது. கம்ப்யூட்டரை டிவியில் மாட்டிச் சின்ன எழுத்துகளைப் படிப்பவர்களுக்குத்தான் நிறத்தைக் குறைக்காத 4:4:4 தேவை. 4கே 120 ஹெர்ட்ஸ் கேமுக்கு மட்டும் 48 கிகாபிட் கேபிள் கண்டிப்பாக வேண்டும். பிஎஸ்5 பெட்டியில் வருவது அந்தத் தரம்தான். அதை எடுத்துச் செட்டாப் பாக்ஸில் மாட்டிவிட்டுக் கன்சோலுக்குப் பழைய கேபிள் போடும் வீடுகளும் இருக்கின்றன!

விலை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். எச்டிஎம்ஐ டிஜிட்டல். விலை உயர்ந்த கேபிள் நிறத்தை அடர்த்தியாக்காது, கறுப்பை ஆழமாக்காது. போக வேண்டிய பிட்டுகள் போய்ச் சேர்ந்தால் எந்தக் கேபிளிலும் ஒரே படம்தான். சேராவிட்டால் படம் மங்காது, உடையும். தங்க முலாமும் அப்படித்தான், படத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் பின் சீக்கிரம் பச்சை பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

நீளம்தான் உண்மையான வில்லன். 48 கிகாபிட்டைச் செப்புக் கம்பியில் 3 மீட்டர் வரை நம்பிக்கையாகக் கொண்டுபோகலாம், நல்ல கேபிளில் 5 மீட்டர். அதற்கு மேல் போகும்போது, குறிப்பாக புரொஜெக்டருக்கு 10, 15 மீட்டர் வேண்டும் என்றால், உள்ளே கண்ணாடி இழை இருக்கும் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐதான் வழி. இதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’ என்றும் மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ அல்லது ‘டிவி’ என்றும் எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் படமே வராது. சுவருக்குள் இழுத்து முடித்த பிறகு இது தெரிந்தால் முழுக்க உருவி எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான். அதனால் தரையில் வைத்தே இரண்டு முனையிலும் சாதனத்தை மாட்டி, ஒரு முழுப் படம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு இழுங்கள்.

ஆப்டிக்கல் கேபிளின் முனைகளில் சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதற்கான மின்சாரம் எச்டிஎம்ஐயின் 18-ஆம் பின்னில் வரும் 5 வோல்ட்டிலிருந்து கிடைக்க வேண்டும். சாதனங்கள் அந்தப் பின்னில் 55 மில்லி ஆம்பியர் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் விதி, அதற்கு மேல் எல்லாம் அந்தந்தச் சாதனத்தின் தயவு. ஆகவே ஒரு பிளேயரில் வேலை செய்யும் கேபிள், ஃபயர் டிவி மாதிரியான ஸ்டிக்கில் சொதப்பலாம். யுஎஸ்பி வால் வைத்த மாடல் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: எல்லா ஆப்டிக்கல் கேபிளும் ஆர்க்கைக் கடத்தாது. பெட்டியில் ஆர்க் உண்டு என்று போட்டிருந்தால் மட்டும் டிவிக்கும் ரிசீவருக்கும் இடையில் போடுங்கள்.

ரிசீவர் நடுவில் வந்தால்

5.1 ஹோம் தியேட்டரில் இரண்டு வழி உண்டு. எல்லாப் பாக்ஸ்களையும் ரிசீவரில் மாட்டி, ரிசீவரிலிருந்து ஒரே கேபிளை டிவியின் ஆர்க் போர்ட்டுக்குக் கொண்டுபோவது ஒன்று. எல்லாவற்றையும் டிவியில் மாட்டி, ஒலியை மட்டும் ஆர்க் வழியாக ரிசீவருக்குத் திருப்புவது இன்னொன்று. ரிசீவர் புதுசாக இருந்தால் முதல் வழி, பழசாக இருந்தால் இரண்டாவது. இதற்கு மேல் இதில் தத்துவம் இல்லை.

பழசு என்று எதை வைத்துச் சொல்வது? 4கே ஓடிடிக்கும் யுஎச்டி (4கே புளூரே) டிஸ்க்குக்கும் எச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்புப் பூட்டு வேண்டும். பிளேயர், ரிசீவர், டிவி மூன்றிலும் அது இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் ரிசீவரில் எச்டிசிபி 1.4 மட்டும் இருந்தால், இரண்டு பக்கமும் எவ்வளவு புதுசாக இருந்தாலும் பிளேயர் 1080க்கு இறங்கிவிடும், இல்லையென்றால் திரையைக் கறுப்பாக்கிவிடும். சில ரிசீவர்களில் ஆறு போர்ட்டில் மூன்றுக்கு மட்டும் 2.2 இருக்கும், அதுவும் போர்ட்டின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். டால்பி விஷனும் இப்படித்தான்: நடுவில் இருப்பது அதை அறியாவிட்டால் சாதாரண எச்டிஆர் மட்டுமே டிவிக்குப் போகும்.

ரிசீவருக்கும் டிவி மாதிரியே ஒரு வேக ஸ்விட்ச் உண்டு. டெனான், மராண்ட்ஸில் ‘4கே சிக்னல் ஃபார்மட்’ அல்லது ‘4கே/8கே சிக்னல் ஃபார்மட்’ என்று வரும், ‘ஸ்டாண்டர்டு’ என்று இருப்பதை ‘என்ஹான்ஸ்டு’ ஆக்க வேண்டும். டிவியில் திறந்துவிட்டு ரிசீவரில் மறந்தால் பழையபடி எச்டிஆர் இல்லாத படம்தான், ஏனென்றால் பிளேயர் படிப்பது ரிசீவர் கொடுக்கும் பட்டியலை. கூடவே ரிசீவரின் வீடியோ கன்வர்ஷன், ஸ்கேலர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வரிகளைக் கூட்டும் வேலையை டிவியே செய்யட்டும், பெரும்பாலும் அதற்குத்தான் அந்த வேலை நன்றாகத் தெரியும்.

இரண்டாவது வழியில் போகிறவர்களுக்கு: ஆர்க் வேலை செய்ய டிவியில் சிஇசி (சாதனங்கள் எச்டிஎம்ஐ வழியாக ஒன்றையொன்று இயக்கும் வசதி) இயங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒலி 14-ஆம் பின் வழியாகத் திரும்புகிறது, இ-ஆர்க்கில் 14, 19 இரண்டும் வேண்டும். சில மலிவுக் கேபிள்களில் 14-ஐ இணைப்பதே இல்லை. படம் பளிச்சென்று வரும், ஆர்க்கில் சத்தம் மட்டும் வராது. மெனுவோடு மல்லுக்கட்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய ஆப்டிக்கல் ஆடியோ ஒயரில் 5.1 டால்பி, டிடிஎஸ் வரை போகும், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் போகாது. பல டிவிகள் டிடிஎஸ் ஒலியை வெளியே விடுவதே இல்லை, டிஸ்க் நிறைய வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ரிசீவர் பழசு, யுஎச்டி பிளேயர் புதுசு என்ற நிலையில், பிளேயரின் பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதன்மை அவுட்டை நேராக டிவிக்கும், ‘ஆடியோ’ என்று போட்டதை ரிசீவருக்கும் கொடுத்தால் 4கே படமும் முழு ஒலியும் கிடைத்துவிடும். ரிசீவரை மாற்றும் செலவைத் தள்ளிப்போடலாம்.

பாக்ஸ் மெனுவில் தொட வேண்டியவை

செட்டாப் பாக்ஸ் சில நேரம் 576 அல்லது 720-இல் வைக்கப்பட்டே வரும். எச்டிஎம்ஐ மாட்டியதோடு விடாமல் டிஸ்ப்ளே செட்டிங்கில் 1080 ஆக்குங்கள். நம் எச்டி சேனல்கள் 1080 வரி, 50 ஹெர்ட்ஸ், இன்டர்லேஸ்டு (ஒன்று விட்டு ஒரு வரியாக, பாதிப் பாதிப் படமாக அனுப்பும்) முறையில் வருகின்றன. பாக்ஸில் அதே இன்டர்லேஸ்டைத் தேர்ந்தெடுத்தால் படத்தைச் சேர்க்கும் வேலை டிவிக்குப் போகும். கிரிக்கெட் மேட்சில் பந்து ஓடும்போது இரண்டு விதமும் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் டிவி ஜெயிக்கும். பாக்ஸில் 60 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் நகரும் எழுத்து விட்டு விட்டுத் துள்ளும். 50-க்கு மாற்றினால் சரியாகும்.

சினிமா வேறு கணக்கு, நொடிக்கு 24 ஃபிரேம். ஸ்டிக் எப்போதும் 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் வரும், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் படம் தடுக்கித் தடுக்கிப் போகும். ஃபயர் டிவியில் ‘மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்’, ஆப்பிள் டிவியில் ‘மேட்ச் கன்டென்ட்’ என்று இருப்பதை இயக்குங்கள். ஆப்பிள் டிவியில் அடிப்படை ஃபார்மட்டை 4கே எஸ்டிஆர் (எச்டிஆர் இல்லாத சாதாரண முறை) ஆக வைத்து, டைனமிக் ரேஞ்ச் மேட்ச்சையும் இயக்கினால் சாதாரணப் படங்கள் எச்டிஆராக வேஷம் போட்டு வருவது நிற்கும். படம் தொடங்கும்போது திரை ஒரு விநாடி கறுப்பாகித் திரும்பும். அது கோளாறு இல்லை, டிவி ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்கிறது.

கறுப்பு அளவு என்று ஒன்று உண்டு. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டரில் 0, 255. அனுப்புவது ஒரு கணக்கும் வாங்குவது இன்னொரு கணக்குமாக இருந்தால், இரவுக் காட்சி சாம்பல் பூத்து வெளிறும், அல்லது கறுப்புச் சட்டையும் தலைமுடியும் ஒரே கறையாகிவிடும். பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு பக்கமும் ‘ஆட்டோ’ வையுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் இரண்டு பக்கமும் ‘லிமிடெட்’. கடைசியாகப் படத்தின் அளவு: சேனல் லோகோ ஓரத்தில் வெட்டுப்பட்டால் டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை நறுக்குகிறது என்று அர்த்தம். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்ஸல்’ போட்டால் ஒரு பிக்ஸலுக்கு ஒரு பிக்ஸல் வரும்.

ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து பவர் கொடுக்காதீர்கள். யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர். 4கே ஓடும்போது அது போதாமல் ஸ்டிக் தானாக அணைந்து எழும். பெட்டியில் வந்த அடாப்டரையும், கூட வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பையும் பயன்படுத்துங்கள்.

படம் கெடும் விதத்தைப் பார்த்தே ஒயரைக் கண்டுபிடிக்கலாம்

கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தால் எச்டிஎம்ஐயைத் தொடவே வேண்டாம். அது பாக்ஸுக்குள் வருவதற்கு முன்பே கெட்ட சிக்னல்: டிஷ், அதன் முன்னால் நீட்டியிருக்கும் எல்என்பி, ஒயர், இல்லை முனையில் இருக்கும் திருகு பின். அந்த எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும், சுற்றி இருக்கும் வலையின் ஒரு இழைகூட அதைத் தொடக் கூடாது. ஒற்றை இழை தொட்டாலும் எல்என்பிக்குப் போகும் 13, 18 வோல்ட் ஷார்ட்டாகிச் சேனல்கள் மொத்தமாகப் போய்விடும். ஒயர் ஆர்ஜி6 தரமாக இருக்கட்டும், மொட்டை மாடியில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எதுவும் வேண்டாம்.

வெள்ளைப் புள்ளிகள் மினுமினுத்தால், அல்லது படத்தில் ஒரு கோடு மின்னி மறைந்தால் எச்டிஎம்ஐ கேபிள்தான். பிட்டுகள் வழியில் தொலைகின்றன. பிளேயரை 1080-க்கு இறக்குங்கள். புள்ளிகள் போய்விட்டால் கேபிளால் அந்த வேகத்தைச் சுமக்க முடியவில்லை. படம் முழுக்கப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால் அனுப்பும் நிற முறையும் வாங்கும் நிற முறையும் ஒத்துப்போகவில்லை, அல்லது ஒரு பின் வளைந்திருக்கிறது. படுக்கைக் கோடுகள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருந்தால் அது ஏவி ஒயரில் எர்த் கோளாறு. ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் வந்தால் எல்லாவற்றையும் சுவர் ஸ்விட்சில் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, முதலில் டிவி, அடுத்து ரிசீவர், கடைசியில் பாக்ஸ் என்று போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு

எலெக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் முக்கால் இன்ச் பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது, அதன் அகலமே சுமார் 20 மில்லிமீட்டர். டிவி இடத்திலிருந்து கீழே யூனிட் வரை குறைந்தது ஒன்றரை இன்ச் பைப் கேளுங்கள், இரண்டு இன்ச் என்றால் இன்னும் நல்லது. எல்போ வேண்டாம், நீளமான பெண்டு போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். 230 வோல்ட் ஒயரை இதே பைப்பில் அனுப்பக் கூடாது, பக்கத்தில் ஓடினால் ஒரு அடியாவது தள்ளி ஓடட்டும். கேபிளைப் பைப் இல்லாமல் சுவரில் புதைத்துப் பூசிவிடுவது மகா தப்பு. ஐந்து வருடத்தில் கேபிள் தரம் மாறும், அப்போது சுவரை உடைக்க வேண்டிவரும். இழுக்கும்போது தலையைப் பிடித்து இழுக்காதீர்கள், கேபிள் உடம்பில் டேப் சுற்றி இழுங்கள். டிவி சுவரோடு ஒட்டி நிற்கும் ஸ்டாண்டு என்றால் கேபிள் தலை சுவரில் முட்டி வளையும், போர்ட் நாளடைவில் ஆட்டம் காணும். எல் வடிவ அடாப்டர் போடலாம், ஆனால் மேல்நோக்கி வளைவது, கீழ்நோக்கி வளைவது என்று இரண்டு வகை உண்டு, டிவியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டும்போதும் கழற்றும்போதும்

செட்டாப் பாக்ஸ் அடாப்டர்கள் பெரும்பாலும் இரண்டு பின், எர்த் கிடையாது. பாக்ஸின் உலோக உடம்பில் லேசான கசிவு மின்சாரம் எப்போதும் இருக்கும், கேபிள் முனையைத் தொட்டால் சுள்ளென்று கடிப்பது அதுதான். டிவியும் பாக்ஸும் இயங்கும்போதே எச்டிஎம்ஐயைக் குத்தினால் அந்தக் கசிவு போர்ட் வழியாகப் பாய வாய்ப்பு உண்டு. போர்ட் போனால் பல டிவிகளில் மெயின் போர்டையே மாற்றச் சொல்வார்கள். இரண்டையும் சுவர் ஸ்விட்சில் அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டிவி, ரிசீவர், பாக்ஸ் எல்லாம் எர்த் சரியாக இருக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து ஒரே ஸ்பைக் பஸ்டரில் இருக்கட்டும்.

இடிக்கு ஸ்பைக் பஸ்டர் மட்டும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் டிவிகள் போவது கரன்ட் வழியாக மட்டும் இல்லை. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒயர் வழியாகப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கும் டிவிக்கும் போய்விடும். வானம் இருட்டும்போதே, இடி கேட்கும் முன்பே பிளக்கை உருவுங்கள், கூடவே பாக்ஸின் பின்னால் இருக்கும் டிஷ் ஒயரையும் திருகிக் கழற்றுங்கள். இடி கேட்கத் தொடங்கிவிட்டால் அந்த ஒயரைக் கையால் தொடாதீர்கள். மழை முழுசாக விட்ட பிறகு முதலில் டிஷ் ஒயரைத் திருகி, எச்டிஎம்ஐ நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் பிளக்கைச் செருகுங்கள்.